பொதியில் எழுதிய பெயர்

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் பெண்கள், வருடக்கணக்காகக் குச்சி அடுக்கியும் லேபிள் ஒட்டியும் விரல் தேய்ந்தவர்கள். ரேஷன் கடைக் கருவி அவர்கள் விரலை எளிதில் ஏற்பதில்லை. “ரேகை விழல” என்கிறார் விற்பனையாளர். முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார்கள். பெருவிரல் போய் ஆள்காட்டி விரல். பின்னால் வரிசை முணுமுணுக்கிறது.

இவ்வளவு கறாராகச் சோதித்து விவரங்களை வாங்கும் அரசு, வாங்கியதை எப்படிக் காத்தது? 2021 ஜூன் இறுதியில், தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டத்தில் இருந்த சுமார் 50 லட்சம் பேரின் விவரங்கள் இணையத் திருடர்களின் சந்தையில் கிடப்பதாக ஒரு பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது. ஆதார் எண், குடும்ப விவரம், கைபேசி எண் எல்லாம் அதில் இருந்தன.

களவு போனால் பழி திருடனோடு முடிந்துவிடுமா? முடியாது. ஏழையின் விவரம் அடைக்கலப் பொருள். அதைக் கேட்டு வாங்கியவரே முதல் பொறுப்பாளி.

இது நம் மரபுக்குப் புதிதல்ல. புகார் நகரில் உரியவர் பெயரும் எண்ணும் பொறித்த பொதிகள் பூட்டும் காவலும் இன்றிக் கிடந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. எடுக்கத் துணிந்தவன் அதைத் தலையில் சுமந்தபடி சுற்ற வேண்டியதுதான். வெளியே கொண்டுபோக முடியாது. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வாணிகம் என்கிறார் வள்ளுவர், அதுவும் நடுவு நிலைமை அதிகாரத்தில். பட்டினப்பாலை காட்டும் வணிகரும் அந்த நெறியில் நின்றவர்களே. எல்லாவற்றுக்கும் மேலாக, அதே சிலப்பதிகாரத்தின் மாதரி. ஆயர்குலத்துப் பெண். கண்ணகியை அடைக்கலமாக ஏற்றவள், அந்த அடைக்கலத்தை இழந்தேனே என்று தீயில் புகுந்தாள். குற்றம் அவளுடையதல்ல, பொறுப்பை அவள் தட்டிக்கழிக்கவில்லை. இன்று எத்தனை அலுவலகங்களில் அந்த மனசாட்சி இருக்கிறது?

ரேகை இல்லாவிட்டால் போலி அட்டைகள் பெருகும் என்பார்கள். அதிலும் உண்மை உண்டு. ஆனால் 2020இல் பிரதமர் கிசான் திட்டத்தில், தமிழகத்தில் லட்சக்கணக்கான தகுதியற்றோர் பெயரில் 110 கோடி ரூபாய்க்கு மேல் போனதே, அது கணினி வழியாகத்தானே? அதிகாரிகளின் கடவுச்சொல் வெளியாள் கைக்குப் போயிருந்தது. வானம் பார்த்த பூமியில் உளுந்தும் பருத்தியும் விதைத்துவிட்டு, ஆண்டுக்கு 6,000 ரூபாய்க்குக் காத்திருக்கும் சம்சாரியின் பெயரில் நடந்த திருட்டு அது.

வாக்குறுதிகளுக்குக் குறைவில்லை. 2003இல் ஜெனீவாவிலும் 2005இல் துனிசிலும் உலக நாடுகள் கூடி, மனிதரை நடுவில் வைக்கும் தகவல் சமுதாயம் அமைப்போம் என்று உறுதி கூறின. 2017இல் நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றனர். 2023இல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. காக்கத் தவறியவருக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. அந்தப் பணமோ அரசின் தொகுப்பு நிதிக்குப் போகிறது. பறிகொடுத்தவருக்கு ஒரு ரூபாய் இல்லை. நிறுவனங்களின் கவனக்குறைவால் நட்டப்பட்டவர் இழப்பீடு கேட்க வழிவிட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பழைய 43ஏ பிரிவையும் இச்சட்டம் நீக்குகிறது. பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்ற பெயரில் தான் விரும்பும் அரசு அமைப்புகளுக்கு மத்திய அரசு விலக்கும் தரலாம். பொதிக்கு உரியவரை வாசலில் நிறுத்திவிட்டுப் பங்கு பிரிப்பது எந்த ஊர் நியாயம்?

இழப்பீட்டு உரிமையை அரசுத் துறைகளுக்கும் பொருந்தும்படி நாடாளுமன்றம் சட்டத்தில் சேர்க்க வேண்டும். உணவு கொடுத்தவரே உயிர் கொடுத்தவர் என்பது மணிமேகலை சொன்ன அறம். ரேகை விழாத எந்தக் கையையும் வெறும் பையோடு திருப்பி அனுப்பாதீர்கள். பேரேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அரிசியை அளந்து போடுங்கள்.