கான்கார்டுப் பாலத்தில் ஒரு கோடரி

ஆங்கில அரசின் ஆணைப்படி, மாஸசூஸெட்ஸ் மாகாணத்துக் கான்கார்டு என்னும் சிற்றூரில் குடிகள் சேர்த்துவைத்திருந்த போர்த்தளவாடங்களை அழிப்பதற்காகப் பாஸ்டன் நகரிலிருந்து இரவோடிரவாகப் புறப்பட்டு வந்த சுமார் 700 சிப்பாய்களில், ஊருக்கு வடக்கே ஆற்றுப்பாலத்தைக் காத்து நின்றவர்கள் நூறு பேருக்கும் குறைவு. 1775 ஏப்ரல் 19 காலையில், ஊர் நடுவே எழுந்த புகையைக் கண்டு தங்கள் வீடுகள் எரிகின்றன என்று எண்ணிக் குன்றிலிருந்து இறங்கிய 400 ஊர்ப்படையினர் அப்பாலத்தை நெருங்கியபோது, சிப்பாய்கள் முதலில் சுட்டார்கள்; ஆக்டன் ஊர்ப்படைத் தலைவர் ஐஸக் டேவிஸும் அவருடன் வந்த ஒருவரும் மாண்டார்கள்; ஊர்ப்படை திருப்பிச் சுட்டது; சில நிமிஷங்களில் அரசப்படை பின்வாங்கி ஓடியது. அமெரிக்க விடுதலை யுத்தத்தின் முதல் நாளில் நடந்த இந்தச் சிறு மோதலைப் பற்றி எழுதியவர்கள் அனேகமாக இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வார்கள்.

அரசனை எதிர்த்து ஆயுதம் எடுப்பது பாவமா என்ற வினா அவ்வூர்க் குடியானவர்களுக்குப் புதிதன்று. ஆள்வோருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 13-ஆம் அதிகாரத்தில் பவுல் கூறியிருப்பதை வைத்துக்கொண்டு அவர்களுடைய தேவாலயங்களில் நெடுங்காலமாக விசாரணை நடந்துவந்தது. ஜனங்களின் க்ஷேமத்தைக் கைவிட்ட அரசன் கீழ்ப்படிதலுக்கு உரியவன் அல்லன் என்று பாஸ்டன் போதகர் ஜோனதன் மேயூ 1750-லேயே பிரசங்கித்திருந்தார். அந்த வாதத்தை நானும் ஏற்கிறேன். ஆனால், யுத்தம் நியாயமானது என்று தீர்ந்துவிட்ட பிறகும் தீராமல் நிற்கும் வேறொரு வினாவை அந்தப் பாலமே எழுப்பியது.

சுட்டவர்களும் சுடப்பட்டவர்களும் விலகிப்போன பின், காயம்பட்டு உயிர் பிரியாமல் கிடந்த ஒரு சிப்பாயின் தலையில் உள்ளூர் வாலிபன் ஒருவன் கோடரியால் வெட்டினான். பாலத்துக்கு அருகே, முன்பு ஊர்ப் போதகர் குடியிருந்த பழைய வீட்டில் 1842 முதல் சில ஆண்டுகள் வசித்த நாவலாசிரியர் ஹாதார்ன், இந்தச் செய்தியைக் கேட்டறிந்து, போரைப் பற்றிச் சரித்திரம் கூறுவன எல்லாவற்றையும்விட இதுவே தம் சிந்தைக்கு அதிகப் பயன் தந்ததாக எழுதினார். போதகர் வீட்டுக்கு விறகு பிளந்துகொண்டிருந்த பையன், காயம்பட்டவன் எழ முயன்றதைக் கண்டு, சங்கல்பம் ஏதுமின்றி, நரம்பின் பதற்றத்தால் வெட்டினான் என்பதும், அந்த ரத்தக்கறை பிற்காலத்தில் அவன் ஆன்மாவை வதைத்திருக்கும் என்பதும் அவர் கற்பனை. சங்கல்பம் இல்லாத செயல் பாவமாகாது என்று வாதிப்பவர்கள் உண்டு; எனினும் எவருடைய உத்தரவுக்கும் உட்படாத அந்த ஒரு வெட்டை, ஊர் கூடி எடுத்த நியாயமான முடிவு எப்படி மூடும்? துப்பாக்கி ஏந்தி எதிரே நின்றவனைச் சுட அந்த நியாயம் உரிமை கொடுத்தது; விழுந்து கிடந்தவனிடம் அது செல்லாது.

அதைவிட நுட்பமானது பின்னால் நடந்தது. வேறோரிடத்தில் தேடுதல் முடித்துத் திரும்பிய சிப்பாய்கள் பிளந்த தலையைப் பார்த்து, எதிரிகள் தலைத்தோலை உரித்துக் காதுகளையும் அறுத்துவிட்டார்கள் என்று பரப்ப, ஆங்கிலத் தளபதி கேஜ் வெளியிட்ட விவரத்திலும் அக்குற்றச்சாட்டு ஏறியது. அடுத்த மாதமே, இறந்த சிப்பாய்களைப் புதைத்த கான்கார்டுவாசிகள் இருவர், எவருடைய தலைத்தோலும் உரிக்கப்படவில்லை, காதும் அறுக்கப்படவில்லை என்று பிரமாணம் செய்தார்கள். அதில் மருந்துக்கும் பொய் இல்லை. கோடரியைப் பற்றிப் பேச்சும் இல்லை. துரோணரின் செவியில் விழும்படி அசுவத்தாமன் மாண்டான் என்று உரக்கச் சொல்லி, யானை என்பதை மட்டும் தாழ்ந்த குரலில் சேர்த்துக்கொண்ட தருமபுத்திரரை நம்மவர்கள் மறந்துவிடமாட்டார்கள். நிலத்துக்கு நான்கு விரற்கடை மேலே ஓடிய அவருடைய தேர் அன்று தரையைத் தொட்டதாக வியாசர் சொல்கிறார். அவர் தாழ்ந்த குரலிலாவது சொன்னார்!

அந்த வெட்டின் பலனும் வெட்டியவனோடு நிற்கவில்லை. தங்கள் தோழன் சித்திரவதை செய்யப்பட்டான் என்று நம்பிய சிப்பாய்கள், பாஸ்டனுக்குத் திரும்பும் வழி நெடுகிலும் மரத்துக்கும் மதிலுக்கும் பின்னிருந்து வந்த குண்டுகளால் வெறியேறி, மெனோட்டமி என்ற ஊரில் வீடுகளுக்குள் புகுந்து அகப்பட்டவர்களைக் கொன்றார்கள். அன்று மாலைக்குள் மாண்டவர்கள் அரசப்படையில் 73 பேர், குடியேற்றத்தார் தரப்பில் 49 பேர். கோடரி வீழாவிட்டாலும் மெனோட்டமியில் ரத்தம் சிந்தியிருக்கும் என்பது என் எண்ணம். வீடு புகுந்து கொன்றவர்களின் பாவத்தை அந்த வாலிபன் தலையில் ஏற்றவும் நான் உடன்படேன். ஆயினும், வினைப்பயன் செய்தவனையே சென்று சேரும் என்று எளிதாகச் சொல்லிவிடுகிற நாம், கோடரியைக் கண்ணாலும் கண்டிராத மெனோட்டமிவாசிகளை எந்தக் கணக்கில் எழுதுவது என்று கொஞ்சம் திகைக்கத்தான் வேண்டும்.

பிரமாணம் செய்த இருவரும் தங்கள் ஊரின் வழக்கு பலவீனப்படும் என்று அஞ்சியிருக்கக்கூடும். அஞ்சியிருந்தால் அது வீண் அச்சம். தலைத்தோல் உரிக்கப்படவில்லை என்பதோடு, காயம்பட்டவனை எங்கள் ஊரான் ஒருவன் வெட்டினான் என்ற ஒரு வாக்கியத்தையும் அவர்கள் சேர்த்திருந்தாலும், மேயூவின் பிரசங்கத்தில் ஓர் எழுத்தும் பொய்யாகியிராது.