முன்னுமில்லை, பின்னுமில்லை

மேலப்பாளையத்தில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவரும், அவரிடம் பள்ளியில் படித்துவிட்டு இப்போது கல்லூரியில் கணினி அறிவியல் பயிலும் பையனும் பேசுவதாக இதை எழுதியிருக்கிறேன். கேள்வியும் பதிலுமாகப் பொருளை விளக்குவது தமிழ் முஸ்லிம்களுக்குப் பழைய வழக்கம். 1572இல் வந்த ‘ஆயிரம் மசலா’ அப்படி அமைந்த நூல்தான்.

சீடன்: சார், ஒரு நிரல் ஓடினால் அதை எழுதிக்காட்டுவது எளிது. முதலில் இது, பிறகு அது என்று வரிசை போட்டுவிடலாம். பல நிரல்கள் சேர்ந்து ஓடினால் அந்த ஓட்டத்துக்குக் கணிதம் என்ன? உடனிகழ்வு என்று ஓர் அத்தியாயம் முழுக்கப் படித்தேன். குறியீடுகள் மனப்பாடமாயின, விஷயம் பிடிபடவில்லை.

குரு: உன் வீட்டில் பீடி சுற்றுகிறார்கள் அல்லவா? யார் யார்?

சீடன்: உம்மாவும் அக்காவும். மதியத்துக்கு மேல் மாமியும் வந்து உட்காருவார்கள். ராத்திரியே இலையை நனைத்து வைப்பார்கள். காலையில் தண்ணீரை வடித்து, அளவுத் தகட்டை இலைமேல் வைத்துக் கத்தரியால் வெட்ட வேண்டும். வெட்டின இலையில் தூள் வைத்துச் சுற்றி, நூல் கட்டி, முனையை மடக்கி, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டுப் போட்டு சாயந்திரம் பீடிக் கடையில் கொடுப்பார்கள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி.

குரு: உம்மா நாற்பதாவது இலையை வெட்டியது முந்தியா, அக்கா பத்தாவது பீடியைச் சுற்றியது முந்தியா?

சீடன்: அதை யார் பார்த்தார்கள்?

குரு: பார்த்திருந்தாலும் அதில் பொருள் இல்லை. பத்தாவது பீடிக்கான இலை வெட்டப்பட்ட பிறகுதான் பத்தாவது பீடி சுற்றப்படும். அங்கே முன்பின் உண்டு. நாற்பதாவது இலைக்கும் பத்தாவது பீடிக்கும் ஒரு பந்தமும் கிடையாது. நீ எல்லாவற்றையும் ஒரே வரிசையில் எழுதினால், இல்லாத முன்பின்னை நீயாகக் கற்பித்துத்தான் எழுத வேண்டும். கார்ல் ஆடம் பெட்ரி என்ற ஜெர்மானியர் 1962இல் டார்ம்ஸ்டாட்டில் முனைவர் பட்டம் பெற்ற ஆய்வு இந்தக் கற்பிதத்தை மறுத்துத்தான் எழுந்தது. எல்லையின்றிப் பெரிதாகிக்கொண்டே போகும் ஓர் இயந்திரத்தை எண்ணிப்பார். அதன் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் செய்தி போய்ச்சேர நேரம் பிடிக்கும். முழு இயந்திரத்துக்கும் ஒரே கடிகாரம், ஒரே ‘இப்போது’ என்பது இயற்பியலுக்கே ஒவ்வாது. ஆகவே கடிகாரம் இல்லாத ஒரு வரைபடத்தைத் தந்தார்.

சீடன்: பெட்ரி வலை. வட்டங்களும் பெட்டிகளும்.

குரு: அதே. நனைத்த இலை, வெட்டின இலை, தூள், நூல், பீடி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம். வெட்டுதல் ஒரு பெட்டி, சுற்றுதல் ஒரு பெட்டி. கையிருப்புக்குத் தக்கபடி வட்டங்களில் புளியங்கொட்டை வை. ஒரு பெட்டிக்குள் அம்புவிடும் எல்லா வட்டங்களிலும் கொட்டை இருந்தால் அந்தப் பெட்டி நிகழலாம். நிகழ்ந்தால் அவற்றிலிருந்து ஒவ்வொன்று எடுத்து, வெளிப்பக்க வட்டங்களில் ஒவ்வொன்று போடும். விதி அவ்வளவுதான். கண்காணி இல்லை, மணியடிப்பவன் இல்லை. ஒரே கொட்டைக்குப் போட்டியிடாத இரண்டு பெட்டிகள் தயாராக இருந்தால் அவை ஒன்றையொன்று அறியாமல் நிகழும். வேதிவினைகளைக் குறித்துவைக்கப் பதின்மூன்று வயதிலேயே பெட்ரி இந்தப் படத்தைக் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள்.

சீடன்: போட்டி வந்தால்? எங்கள் வீட்டில் கத்தரி ஒன்று, தகடு ஒன்று. மாமி வந்த பிறகு அதுதான் சண்டை. உம்மா கத்தரியை எடுத்து வைத்துக்கொண்டு தகட்டைத் தேடுவார்கள்; மாமி தகட்டை மடியில் வைத்துக்கொண்டு கத்தரிக்குக் காத்திருப்பார்கள்.

குரு: சண்டை எப்படித் தீரும்?

சீடன்: உம்மா ஒரு சத்தம் போட்டால் மாமி கொடுத்துவிடுவார்கள்.

குரு: கணினிக்குள் சத்தம்போட உம்மா இல்லையே. இருவரும் நாள் முழுக்க அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். 1965இல் டைக்ஸ்ட்ரா என்ற கணினி அறிஞர் மாணவர்களுக்குப் பயிற்சிக் கணக்காகக் கொடுத்தது இந்த முட்டுக்கட்டையைத்தான். அவர் நாடாக் கருவிகளுக்குப் போட்டியிடும் கணினிகளாகச் சொன்னார். சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்த ஐந்து தத்துவஞானிகளாக அதை மாற்றியவர் டோனி ஹோர். ஹோர் பிறந்தது கொழும்பில், 1934இல். நமக்கு எதிர்க்கரைக்காரர் என்று சொல்லிக்கொள்ளலாம். வலையில் இந்த முட்டுக்கட்டை எப்படித் தெரியும், சொல்.

சீடன்: கத்தரிக்கு ஒரு வட்டம், தகட்டுக்கு ஒரு வட்டம், இரண்டிலும் ஒவ்வொரு கொட்டை. உம்மா முதலில் கத்தரிக் கொட்டையை எடுக்கிறார்கள், மாமி தகட்டுக் கொட்டையை. அதன் பிறகு எந்தப் பெட்டியும் நிகழ முடியாது. தொடக்கத்திலிருந்து கொட்டைகள் எந்தெந்த நிலைக்குப் போகலாம் என்று எழுதிக்கொண்டே போனால் அந்த நிலை ஒரு நாள் வரலாம் என்பது முன்கூட்டியே அகப்பட்டுவிடும். இருவரும் கத்தரியைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்று விதித்தால் அந்த நிலை வராது.

குரு: சரி. இனி உடனிகழ்வை எப்படி எழுதுவது என்ற வழக்குக்கு வருவோம். ஹோர் 1978இலும், எடின்பரோவில் ராபின் மில்னர் 1980இலும் வேறு பாதை போட்டார்கள். படம் வேண்டாம், இயற்கணிதம் போதும் என்றார்கள். ஒவ்வொரு செயலோட்டமும் ஒரு கோவை. இரண்டு கோவைகளைச் சேர்த்து ஓடவிட ஒரு குறி. எந்தக் கோவை எந்தக் கோவைக்குச் சமம் என்று சொல்லும் சமன்பாடுகள். மில்னரிடம் முக்கியமான விதி ஒன்று உண்டு. ‘அ’வும் ‘ஆ’வும் உடன் நிகழ்வது என்றால், அ முடிந்து ஆ அல்லது ஆ முடிந்து அ, இந்த இரண்டில் ஒன்று. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

சீடன்: அதில் என்ன தவறு? வசதியாகத்தானே இருக்கிறது?

குரு: இரண்டு வீடுகளை எடுத்துக்கொள். முதல் வீட்டில் தகடும் கத்தரியும் ஒரே சோடி. இரண்டாம் வீட்டில் இரண்டு சோடி. இரண்டு வீட்டிலும் உம்மா ஓர் இலை, மாமி ஓர் இலை வெட்டுகிறார்கள். வாசலில் நின்று ஒருவன் வெட்டி முடிந்ததை மட்டும் குறித்துக்கொள்கிறான். முதல் வீட்டில் ‘உம்மா, மாமி’ என்றோ ‘மாமி, உம்மா’ என்றோ எழுதுவான். இரண்டாம் வீட்டில்?

சீடன்: அதே இரண்டில் ஒன்றுதான்.

குரு: மில்னரின் விதிப்படி இரண்டு வீடும் ஒன்று. பெட்ரியின் படத்தில் வேறு வேறு. முதல் வீட்டில் வரிசை உண்டு, எது என்பதுதான் நமக்குத் தெரியாது. இரண்டாம் வீட்டில் வரிசையே கிடையாது.

சீடன்: வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு வேறுபாடே தெரியாதபோது உள்ளே வேறுபாடு இருக்கிறது என்று ஏன் சாதிக்க வேண்டும்? காணாத ஒன்றை நம்பச் சொல்கிறீர்களா?

குரு: நல்ல தடை. ஆனால் குறிப்பவனை இன்னும் கொஞ்சம் கிட்டப் போகச் சொல். ‘வெட்டினார்’ என்பதைத் ‘தொடங்கினார்’, ‘முடித்தார்’ என்று இரண்டாகப் பிரித்து எழுதட்டும். இரண்டாம் வீட்டில் உம்மா தொடங்கினார், மாமி தொடங்கினார், உம்மா முடித்தார் என்று வரலாம். முதல் வீட்டில் அது ஒருநாளும் வராது. செயலைப் பகுத்த உடனே, சமம் என்று நீ சொன்ன இரண்டு வீடும் பிரிந்துவிட்டன. எந்தச் செயலும் பகுக்க முடியாத அணு என்று உறுதிகூற முடிந்தால் மில்னர் பக்கம் நிற்கலாம். நான் நிற்கமாட்டேன். அதற்காக அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு பெரிய அமைப்பைச் சிறு சிறு பகுதிகளாகக் கட்டிச் சரிபார்க்க அவருடைய சமன்பாடுகள்போல் உதவியவை குறைவு. 1991இல் டூரிங் விருது அவருக்குப் போனது நியாயம்தான்.

சீடன்: தத்துவம் போகட்டும், கணக்கில் லாபம் ஏதாவது உண்டா?

குரு: பந்தமில்லாத பத்து நிகழ்வுகளை வரிசைப்படுத்தினால் 36,28,800 வரிசைகள். எல்லாம் ஒரே ஓட்டத்தைத்தான் சொல்கின்றன. ஒரு நிரலில் பிழை உண்டா என்று சோதிக்கும் கருவி அத்தனையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தால் விடிந்துவிடும். போலந்தின் மசுர்கியேவிச் 1977இல் ஒரு வழி சொன்னார். எந்தெந்தச் செயல்கள் ஒன்றையொன்று சாராதவை என்று முதலில் பட்டியலிடு. வரிசையில் அவை அடுத்தடுத்து வந்தால் இடம் மாற்றலாம் என்று விதி செய். இடம் மாற்றிப் பெறக்கூடிய வரிசைகள் எல்லாவற்றையும் ஒன்றாகவே எண்ணு. தாளில் வரைந்தால் ஒரு சதுரம் வரும். கீழ் முனையிலிருந்து மேல் முனைக்கு இடப்பக்கமாக உம்மா-மாமி, வலப்பக்கமாக மாமி-உம்மா. ஒரே தகடு உள்ள வீட்டில் அந்தச் சதுரம் வெறும் சட்டம். இரண்டு தகடு உள்ள வீட்டில் உள்ளே மைபூசி நிரப்பிவிடு. நிரப்பிய சதுரம் என்றால் இங்கே முன்பின் இல்லை என்று பொருள். இந்தச் சதுரத்தை மறந்துவிடாதே.

சீடன்: இதிலெல்லாம் நம் ஊர்க்காரர்கள் யாராவது உண்டா சார்? பெயர்களெல்லாம் ஐரோப்பாவாகவே வருகின்றன.

குரு: பி.எஸ். தியாகராஜன் என்று கேள்விப்பட்டதில்லையா? பான் நகருக்கு அருகில் பெட்ரி தலைமை வகித்த நிறுவனத்தில் வேலை பார்த்தவர், டென்மார்க்கின் ஆர்ஹூஸிலும் இருந்தவர். பிறகு சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்துக்கு வந்தார். அந்த நிறுவனம் தொடங்கியதும் பெட்ரி பட்டம் வாங்கிய அதே 1962இல்தான், தற்செயல். அடுத்து ஸ்பிக் கணித நிறுவனத்துக்குப் போனார். இன்று சிறுசேரியில் சென்னைக் கணிதக் கழகமாக இருப்பது அதுதான். உலகில் பலரும் மில்னர் வழியே போன காலத்தில், முன்பின் இல்லாமையை அப்படியே வைத்துக் கணிதம் செய்யும் கூட்டம் ஒன்று சென்னையில் உருவானது. கமல் லோடயா, மாதவன் முகுந்த், ஆர். ராமானுஜம். இந்த ராமானுஜத்தைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் மேடைகளில் நீ பார்த்திருக்கலாம்.

சீடன்: என்ன கண்டார்கள்?

குரு: எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். பீடிக் கடையில் பெண்கள் சந்தித்து ஊர்ச்சேதி பேசுவார்கள். இரண்டு பேர் சந்திக்கிறார்கள்; அங்கே இல்லாத மூன்றாமவரைப் பற்றி இருவரிடமும் ஒவ்வொரு சேதி. எது புதுச் சேதி?

சீடன்: தேதி கேட்டால் போச்சு.

குரு: பொதுக் கடிகாரம் இல்லை என்றோமே. ஒவ்வொருவரும் தன் சந்திப்புகளை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு போகலாம். ஆனால் எண் வளர்ந்துகொண்டே போகும், நினைவகம் போதாது. முகுந்தும் மிலிந்த் சோஹோனியும் 1993இல் ஒரு விடை சொன்னார்கள். எண்ணிக்கையில் அடங்கும் முத்திரைகளையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். எத்தனை காலம் ஓடினாலும் எது புதுச் சேதி என்பது சந்திக்கிற இருவருக்கும் தங்களுக்குள்ளேயே விளங்கிவிடும். கட்டுரையின் தலைப்பிலேயே வம்பு என்ற சொல் இருக்கிறது.

சீடன்: அப்படியானால் உடனிகழும் அமைப்புகளையும் ஒரு முடிவுள்ள வலைக்குள் அடக்கிவிடலாம். கவலையில்லை.

குரு: தியாகராஜனும் அப்படித்தான் எண்ணினார். கவனமாகக் கேள். ஓர் அமைப்பில் நிகழக்கூடிய எல்லா நிகழ்வுகளையும், எது எதற்குக் காரணம், எது நடந்தால் எது நடக்காது என்ற இரண்டு உறவுகளோடு எழுதி வை. பட்டியல் முடிவிலியாகப் போகலாம். ஆனால் எந்த இடத்தில் நின்று பார்த்தாலும், இனி நடக்கக்கூடியவற்றின் வடிவம் எண்ணி முடிக்கக்கூடிய சில வகைகளுக்குள் அடங்குகிறது என்று வைத்துக்கொள். அப்படிப்பட்டதை ஒழுங்கானது என்பார்கள். ஒழுங்கான ஒவ்வொன்றையும் முடிவுள்ள ஒரு பெட்ரி வலை, வட்டத்துக்கு ஒரு கொட்டைக்கு மேல் சேராத வலை, பிறப்பிக்கும் என்பது அவருடைய ஊகம். ஒற்றை வரிசையில் ஓடும் இயந்திரங்களுக்கு இதை ஒத்த தேற்றம் உண்டு, நீயும் படித்திருப்பாய்.

சீடன்: வருங்கால வகைகளையே நிலைகளாக வைத்து இயந்திரம் கட்டிவிடலாம். இங்கேயும் அதைச் செய்தால் என்ன?

குரு: ஒரு நிரப்பிய சதுரத்தில் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் ஒரே நிகழ்வு. மாமிக்கு முன்னால் உம்மா வெட்டினாலும், பின்னால் வெட்டினாலும் அதே வெட்டுதான். ஆகவே இரண்டு பக்கத்துக்கும் ஒரே பெயர் ஒட்ட வேண்டும். சதுரத்தோடு சதுரம் ஒட்டி வெகுதூரம் போனால், இங்கே வைத்த பெயர் அங்கேயும் கட்டுப்படுத்தும். வருங்காலத்தின் வகைகள் எண்ணிக்கையில் அடங்கினாலும், இந்தக் கட்டுப்பாடு எல்லாவற்றுக்கும் இசையும்படி எண்ணி முடிக்கக்கூடிய பெயர்களை விதியோடு ஒட்ட முடியுமா என்பதுதான் கேள்வி. 2017இல் மார்செய்யிலிருந்து ஜெரெமி ஷலோப்பன், விக்தர் செப்பாய் இருவரும் முடியாது என்று காட்டினார்கள். டேனியல் வைஸ் என்ற கணிதவியலர் வேறு தேவைக்காக ஆறே சதுரங்களை ஒட்டிச் செய்துவைத்திருந்த உருவம் ஒன்று உண்டு. அதை விரித்தால், ஒரே கோலம் திரும்ப வராதபடி சதுரங்கள் பரவிய தளம் அதற்குள் கிடைக்கும். அதிலிருந்து அவர்கள் கட்டிய நிகழ்வு அமைப்பு ஒழுங்கானதுதான். அதைப் பிறப்பிக்கும் முடிவுள்ள வலைதான் கிடையாது.

சீடன்: வரிசையில் உண்மையாக இருந்தது, சேர்ந்து நடக்கும்போது பொய்த்துவிட்டது. அப்படியென்றால் மில்னரும் பெட்ரியும் வழக்காடியது வெறும் எழுத்துமுறைச் சண்டை இல்லை.

குரு: இல்லவே இல்லை. எழுத்துமுறைதான் வேறு என்றால் ஒன்றில் உண்மையான தேற்றம் மற்றதில் பொய்யாகாது.

சீடன்: தியாகராஜனுக்கு வருத்தமாக இருந்திருக்காதா சார்?

குரு: அவரைத்தான் கேட்க வேண்டும். முரண் இல்லாத அமைப்புகளுக்கு, அதாவது ஒன்று நடந்ததால் மற்றொன்று நடவாமல் போகும் நிலை எங்கும் இல்லாதவற்றுக்கு, ஊகம் சரி என்று அவரும் மோகன்ஸ் நீல்சனும் 2002இல் நிறுவியது அப்படியே நிற்கிறது. உனக்குத் தொடங்க நல்ல இடம் வேறு. லோடயா, முகுந்த், ராமானுஜம், தியாகராஜன் நால்வரும் சேர்ந்து 1992இல் ‘சாதனா’ இதழில் எழுதிய நீண்ட கட்டுரை ஒன்று இருக்கிறது. இந்திய அறிவியல் அகாடமியின் இணையதளத்தில் காசு கொடுக்காமல் கிடைக்கும். அதைப் படித்துவிட்டு வா. நிகழ்வு அமைப்புகள் வரும் பகுதியிலிருந்து அடுத்த பேச்சை வைத்துக்கொள்வோம்.