விடுதலைக்கும் மேலான சட்டம்

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் விரிசல் விழுந்த பழைய மணி ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. 1751-ஆம் ஆண்டில் பென்சில்வேனியா சட்டசபை தன் மாளிகைக்காகச் செய்விக்கப் பணித்த மணி அது. நாட்டில் வாழும் அனைவருக்கும் விடுதலையை அறிவிக்குமாறு கட்டளையிடும் விவிலிய வாசகம் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. லேவியராகமத்தின் 25-ஆம் அதிகாரத்தில் வருவது அவ்வாசகம்.

அந்த அதிகாரம் யூபிலி ஆண்டைப் பற்றியது. ஐம்பதாம் ஆண்டு வரும்போது எக்காளம் ஊத வேண்டும். வறுமையால் தன்னையே விற்றுக்கொண்ட இஸ்ரயேலன் தன் குடும்பத்திடம் திரும்ப வேண்டும். கைமாறிய நிலம் பழைய உரிமையாளரின் குடும்பத்தைச் சேர வேண்டும். நிலம் இறைவனுடையது, எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து மீட்கப்பட்ட மக்களும் அவருடையவர்களே என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் காரணம். ஆகவே விவிலியத்தின் பார்வையில் விடுதலை தனித்து வருவதில்லை. கடமை ஒன்றையும் உடன் அழைத்து வருகிறது. தளையிலிருந்து மீட்கப்பட்டவன் பிறருக்குத் தளை பூட்டலாகாது.

1776 ஜூலை 4 அன்று அதே மாளிகையில் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் ஏற்கப்பட்டது. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டனர், அவர்களுடைய உரிமைகள் படைத்தவனால் அளிக்கப்பட்டவை என்று அது முழங்கியது. அப்போது அந்நாட்டில் ஏறத்தாழ 5 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தனர். பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெஃபர்சனே தம் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தவர். இறைவன் நீதிமான் என்பதை எண்ணும்போது தம் நாட்டின் கதியை நினைத்து நடுங்குவதாகப் பின்னாளில் அவர் எழுதினார். நடுங்கியது உண்மையாக இருக்கலாம். ஆயினும் அவர் விடுவித்தவர்கள் மிகச் சிலரே.

ஒரே நூல், இரு வாசிப்புகள்

1850-ஆம் ஆண்டில் தப்பியோடிய அடிமைகள் பற்றிய புதிய சட்டம் அந்நாட்டில் இயற்றப்பட்டது. தப்பி வந்தவருக்கு அடைக்கலம் தருபவருக்கு 1000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கலாம் என்றது அது. கதவைத் தட்டும் அகதிக்கு உணவிடுவது கிறிஸ்தவனின் கடமை. அதுவே நாட்டின் சட்டப்படி குற்றம். அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே வில்லியம் சீவர்ட் செனட் சபையில், அரசியல் சாசனத்துக்கும் மேலான ஒரு சட்டம் உண்டு என்று பேசியிருந்தார்.

ஆனால் அடிமை முறையை ஆதரித்தவர்களும் இறைச் சட்டத்தையே துணைக்கு அழைத்தனர். அந்நிய இனத்தாரை அடிமைகளாக வைத்துக்கொள்ள அதே லேவியராகமத்தின் அதே அதிகாரம் இடமளிக்கிறது என்றனர். ஓடிப்போன ஒநேசிமுவைத் தூய பவுல் அவனுடைய எஜமானனிடமே திருப்பி அனுப்பினார் என்றனர். அவ்வாறாயின், ஒலிப்பது இறைவனின் குரலா, அல்லது இறைவனின் பெயரால் பேசும் சுயநலமா என்பதை எவ்வாறு அறிவது?

கிரயப் பத்திரம் எழுதிய கை

இக்கேள்விக்கான விடை, ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நியூஜெர்சியில் வாழ்ந்த ஓர் இளைஞரின் வாழ்வில் கிடைக்கிறது. ஜான் உல்மன் என்ற அவர் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். கடை ஒன்றில் கணக்கராக இருந்தார். ஒரு நாள் கடை முதலாளி, தாம் விற்றுவிட்ட ஒரு நீக்ரோப் பெண்ணுக்குக் கிரயப் பத்திரம் எழுதுமாறு அவரைப் பணித்தார். வாங்கியவரும் ஒரு குவேக்கரே. உல்மன் எழுதினார், ஆனால் மனம் குத்தியது. பிறிதொரு முறை கேட்கப்பட்டபோது மறுத்துவிட்டார்.

அதன் பின்னர் அவர் அடிமைகளை வைத்திருந்த சக குவேக்கர்களின் வீடுகளுக்குச் சென்று அமைதியாகப் பேசினார். அத்தகைய வீட்டில் தங்க நேர்ந்தால், தமக்குப் பணிவிடை செய்த அடிமைகளுக்கு உரிய கூலி கிடைக்கச் செய்தார். அடிமைகளின் உழைப்பில் விளைந்த சாயங்களைத் தவிர்க்கச் சாயமிடாத ஆடை அணிந்தார். அவர் 1772-இல் மறைந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, பிரகடனம் வெளியான அதே 1776-இல், அதே ஃபிலடெல்ஃபியாவில் கூடிய குவேக்கர்களின் ஆண்டுப் பேரவை, தன் உறுப்பினர் எவரும் அடிமைகளை வைத்திருக்கலாகாது என்று தடை விதித்தது.

எஜமானர்கள் வேதத்தைத் தங்கள் உடைமைக்குக் காவலாக நிறுத்தினர். உல்மன் அதைத் தம் கைக்கும் ஆடைக்கும் அளவுகோலாக்கினார். இறைச் சட்டத்தை உண்மையாகக் கேட்டவனிடம் காணப்படும் அடையாளம் இதுவே: அது முதலில் அவனிடம்தான் எதையேனும் கேட்கிறது.

நீதிக்கு உட்பட்ட நாடு

ஒரு மனிதனுக்குப் பொருந்தும் இவ்வளவுகோல் ஒரு நாட்டுக்கும் பொருந்துமா? ஆபிரகாம் லிங்கன் பொருந்தும் என்றே கருதினார். எந்தத் திருச்சபையிலும் உறுப்பினராகச் சேராத அவர் விவிலியத்தில் ஆழத் தோய்ந்தவர். உள்நாட்டுப் போர் முடிவை நெருங்கியிருந்த 1865 மார்ச் 4 அன்று, இரண்டாம் முறையாகப் பதவியேற்றபோது சுமார் 700 சொற்களில் உரையாற்றினார். வெற்றிப் பெருமிதம் பேச வேண்டிய வேளை அது. அவரோ, இரு தரப்பாரும் ஒரே விவிலியத்தை வாசித்து ஒரே இறைவனை வேண்டினர், எவருடைய வேண்டுதலும் முழுமையாக நிறைவேறவில்லை என்றார். அடிமை முறையைத் தென் மாநிலங்களின் பாவமாக மட்டும் அவர் காட்டவில்லை. அதை அமெரிக்காவின் பாவம் என்றே கண்டார். கூலியின்றி வாங்கிய 250 ஆண்டு உழைப்புக்கு ஈடாகப் போரின் துயரம் நீடித்தாலும், இறைவனின் தீர்ப்பு நீதியானதே என்றார்.

சில நாட்கள் கழித்து எழுதிய கடிதமொன்றில், தம் உரை உடனே பலருக்கும் பிடித்துவிடாது என்று குறிப்பிட்டார். தங்கள் நோக்கமும் இறைவனின் நோக்கமும் வேறானவை என்று எடுத்துக்காட்டப்படுவதை மனிதர் விரும்புவதில்லை என்பதே அதற்கு அவர் கூறிய காரணம். அடுத்த மாதம் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அவ்வாண்டு டிசம்பரில் அடிமை முறை சாசனத் திருத்தத்தால் ஒழிக்கப்பட்டது. அதற்குள் போரில் மாண்ட வீரர்கள் 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள்.

ஃபிலடெல்ஃபியாவின் அம்மணி தொடக்கத்தில் சட்டசபை மாளிகையின் மணியாக மட்டுமே அறியப்பட்டது. அதை 'விடுதலை மணி' என்று 1830-களில் அழைக்கத் தொடங்கியவர்கள் அடிமை ஒழிப்புக்காகப் போராடியவர்களே. அதில் பொறிக்கப்பட்டிருந்த 'அனைவருக்கும்' என்ற சொல் இன்னும் நிறைவேறவில்லை என்பதை உணர்ந்தவர்கள் அவர்கள்தாம். தன் விடுதலைக்காக இறைவனுக்கு நன்றி செலுத்தும் எந்த நாடும், தன் எல்லைக்குள் அச்சொல் இன்னும் எட்டாதவர்கள் யார் என்று தன்னையே கேட்டுக்கொள்ளும்போதுதான் அந்த நன்றி வழிபாடாகிறது.