சிறு வண்டியின் சிக்கனம்

கண்ணமங்கலத்திலிருந்து ஆரணி சென்று பாவும் சரிகையும் பெற்றுவந்து, நெய்து முடித்த புடவையை மீண்டும் அங்கே கொண்டுசேர்க்கும் நெசவாளர் ஒருவர், ஏறக்குறைய 195 கிலோ கனமுள்ள 350 சி.சி. புல்லட்டை விற்றுவிட்டு, 1980-இல் வெளிவந்த டி.வி.எஸ். 50-இன் வம்சத்து எக்ஸ்.எல். 100-ஐ வாங்குவாராயின், அதனை அந்தஸ்தின் வீழ்ச்சியென்று ஊரார் பரிகசிப்பது எவ்வகையிலும் நியாயமன்று. எரியும் பெட்ரோலில் பெரும்பங்கு உஷ்ணமாகவே விரயமாகிவிட, மிஞ்சும் சொற்ப சக்தியையும், நின்று நின்று புறப்பட வேண்டிய கடைவீதியில், வண்டியின் சொந்தப் பளுவை அசைப்பதற்கே செலவிடுவது என்ன விவேகம்? கௌரவத்திற்கு மைலேஜ் கிடையாது. மழைக்காலத்து வேலூர்ச் சாலையில் லாரிகள் உரசிச் செல்கையில் மட்டும் இலகுவான வண்டியைக் குறித்து எனக்கும் சிறிது அச்சமுண்டு. அத்தகைய பிரயாணத்துக்குப் பஸ் இருக்கின்றது.