"பார்த்துப் போ" என்றால் போதுமா?



சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலை நம் கள்ளக்குறிச்சியை ஒட்டிச் செல்கிறது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகையில் "பார்த்துப் போ" என்கிறோம். ஏழெட்டு வயதில், எதிரே வரும் லாரியின் வேகத்தை மட்டிட அதற்கு இயலாது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து படிக்கும் பிள்ளையோ இவ்வளவு வண்டிகளைக் கண்டு பழகியதுமில்லை. அவ்விதமிருக்க, ஜாக்கிரதை முழுவதையும் அதன் தலையில் சுமத்துவது நியாயமா? அடிபட்டுவிட்டாலோ, "சர்வேசுரன் சித்தம்" என்று அடங்கிவிடுகிறோம். இது பக்தியன்று, சோம்பல் என்பேன்.

கோவை எலும்பு மருத்துவர் ராஜசேகரன் முறிந்த எலும்பைச் சேர்த்ததோடு நிற்கவில்லை. சாலைப் பாதுகாப்பு கோரி 2012-ல் உச்ச நீதிமன்றம் சென்றார். அவ்வழக்கிலேயே 2025 அக்டோபரில் பாதசாரிகளுக்கான உத்தரவுகள் பிறந்தன. கேட்பதும் பிறர்சிநேகமே.

பள்ளி வாசலில் சாலையைக் கடக்க வெள்ளைக்கோடு வேண்டிக் கலெக்டருக்கு மனு எழுதியிருக்கிறோம். ஞாயிறு பூசைக்குப்பின் கையொப்பமிட வாருங்கள். லாரி ஓட்டும் சகோதரர்களும்தான்.