பசியா, ஆசையா?

ராயப்பன்பட்டியில் எனக்கு ஒரு பெரியப்பா. நாற்பது வருஷம் பன்னீர் திராட்சை போட்டவர். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியதே, கம்பம் பன்னீர் திராட்சை, அதேதான். பத்து வருஷமாகச் சர்க்கரை. தோட்டத்தில் கொத்துக் கொத்தாகத் தொங்கும். பறித்து ஊருக்கெல்லாம் கொடுப்பார்; தான் வாயில் போட மாட்டார். போட விட மாட்டார்கள் என்பதே சரி. பெரியம்மா, மருமகள்கள், பேரன், பேத்தி என்று வீடே காவல்.

போன கோடை விடுமுறையில் எல்லோரும் ஒரு தீம் பார்க் போனோம். எந்த ஊர் என்பது வேண்டாம். பெரியம்மா விடியற்காலை எழுந்து கம்பு தோசை, சுண்டல், வெள்ளரிக்காய் என்று கட்டிக்கொண்டு வந்திருந்தார். வாசலில் பையைத் திறந்து பார்த்த செக்யூரிட்டி, ‘‘வெளிச் சாப்பாடு கூடாது சார்’’ என்றார். மாத்திரையை மட்டும் விட்டார். மாத்திரை உள்ளே, சாப்பாடு வெளியே! ‘சர்க்கரைக்காரர்’ என்று எடுத்துச் சொல்லியிருந்தால் ஒருவேளை விட்டிருப்பார்கள். பெரியப்பாதான், ‘‘விடுப்பா, வந்த எடத்துல எதுக்குத் தகராறு’’ என்றார்.

உள்ளே திரும்பிய பக்கமெல்லாம் ஃபிரைஸ், பஃப்ஸ், ஐஸ்க்ரீம், கோலா. சோறு கிடைக்கிற இடம் மறுகோடியில். பிள்ளைகள் ஒரு ராட்டினத்துக்கு வரிசையில் நின்றார்கள். மணி இரண்டரை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியப்பாவைப் பார்த்தால், சட்டை நனைந்திருக்கிறது, கை நடுங்குகிறது, கேட்டதற்குப் பதில் குழறுகிறது. மீட்டரில் குத்திப் பார்த்தோம். 58. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. பேத்தி கையில் இருந்த ஜூஸ் பாக்கெட்டைப் பிடுங்கிக் குடிக்க வைத்தோம். கால் மணி நேரத்தில் ஆள் தெளிந்தார். அதற்குப் பிறகுதான் சோறு.

காலை ஏழு மணிக்கு மாத்திரை போட்டு நாலு இட்லி சாப்பிட்டவர். அப்புறம் வெயிலில் நடைதான். சர்க்கரைக்கான சில மாத்திரைகள், நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்ப்பதில்லை. அவை பாட்டுக்கு இன்சுலினைச் சுரக்க வைத்து, சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும்.

‘‘ஏன் பெரியப்பா ஒரு வார்த்தை சொல்லல?’’

‘‘பிள்ளைக ஒரு மணி நேரமா வரிசைல நிக்குதுக. என் வயித்துக்காக அதுகள வெளிய இழுக்கவா?’’

இதைப் பெருந்தன்மை என்றுதான் நம் வீடுகளில் சொல்லி வந்திருக்கிறோம். எனக்கு அன்று சந்தேகம் வந்துவிட்டது. நான் படித்தது பி.காம். கணக்கில் காட்டாத செலவு காணாமல் போவதில்லை. வேறொருவர் பக்கத்தில் பெரிய தொகையாக வந்து நிற்கும். ஒரு மணிக்கே ‘பசிக்குது’ என்று சொல்லியிருந்தால் இருபது நிமிஷம்தான் செலவு. சொல்லாததற்கு விலை? அந்தப் பேத்தி பயந்து அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆனால், பழியை அவர் தலையில் மட்டும் போடுவது நியாயமா? பத்து வருஷமாக அந்த வீட்டில், ‘அதைத் தொடாதே, இதைத் தின்னாதே’ என்று சொல்ல எட்டுப் பேர். ‘நேரத்துக்குச் சாப்பிட்டியா?’ என்று அன்று கேட்க ஒருவர் இல்லை, நான் உட்பட. அவர் ‘பசி’ என்று சொன்ன போதெல்லாம் எங்கள் காதில் ‘ஆசை’ என்று விழுந்திருக்கிறது. அப்படியிருக்க, மனிதர் எப்படி வாய் திறப்பார்?

வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுகிறார். நன்றாகப் பசித்த பிறகு சாப்பிடு என்கிறார். அருமையான யோசனைதான். மாத்திரை போட்டவருக்கு மட்டும் அது சரிவராது. அவர் பசியைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை என்று 2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. எந்தச் சுற்றுலா வேனை நிறுத்திப் பார்த்தாலும் ஒரு பெரியப்பா இருப்பார்.

சமீபத்தில் ராயப்பன்பட்டி போயிருந்தேன். மணி பன்னிரண்டே முக்கால். ‘‘ஏ, எனக்குப் பசிக்குது!’’ என்று கூடத்தில் இருந்து சத்தம். பெரியம்மா உடனே தட்டு வைத்தார். சாப்பிட்டு முடித்தவர், ‘‘ஒரு நாலு திராட்சை எடு’’ என்றார். நாலு வந்தது. பத்து நிமிஷம் கழித்து இன்னும் நாலு கேட்டார். அது பசியா, ஆசையா என்று நான் கிளம்பும் வரை வீட்டில் வாக்குவாதம் ஓயவில்லை.