பூங்காவனத்தின் வாசல்

சென்ற கார்த்திகையில் கோபர்கைரனேயில், நண்பர் வீட்டுக் கூடத்தில் இருமுடி கட்டும்போது, கண் துளைத்து நீர் வடித்த தேங்காயினுள் உருக்கிய நெய்யை நூலிழையாக வார்த்துத் தக்கையால் அடைத்துக்கொண்டே, "நம் பஸ் நிலக்கல்லோடு நின்றுவிடும், சாமி, அங்கிருந்து பம்பைக்குக் கேரள அரசுப் பஸ்தான்" என்றார் குருசாமி. மும்பையிலிருந்து அத்தனை தூரம் வரும் வண்டியைக் கடைசி 20 கிலோமீட்டருக்கு முன் தடுப்பது என்ன நியாயம் என்று கன்னிசாமி ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார்.

2018 ஆகஸ்ட் வெள்ளம் பம்பைக் கரையைச் சிதைத்த பிறகு, நிலக்கல்லே பெரிய வண்டிகளுக்கு எல்லையாயிற்று என்பது லௌகிகமான விடை. எனக்கோ, சபரிமலை வனத்தில் நாம் உரிமையாளரா, அதிதிகளா என்பது தெளிந்தாலன்றி, வண்டி நிற்க வேண்டிய இடமும் தெளியாது என்று பட்டது. அந்த வனம் அடங்கிய பெரியாறு காட்டைச் சர்க்கார் 1950இல் சரணாலயமாகவும் 1978இல் புலிகள் காப்பகமாகவும் அறிவித்து, 1982இல் அதன் உட்பகுதியைத் தேசியப் பூங்காவாக்க முற்பட்டது. பக்தர்களோ, சபரிமலையைச் சூழ்ந்த பதினெட்டு மலைகளையும் ஐயப்பனின் பூங்காவனம் என்றே வழங்கி வந்திருக்கிறார்கள். ஆகவே, அங்கே நம்முடையதென்று எதுவும் இல்லை. பிறர் தோட்டத்துக்குள் நுழைகிறவன் வாகனத்தை வாசலில் விடுவது தியாகமன்று, வெறும் மரியாதை. நாற்பத்தொரு நாள் செருப்பையும் சுகத்தையும் விலக்கியவனுக்கு இருக்கையை விடுவது மட்டும் ஏனோ கஷ்டமாயிருக்கிறது! தள்ளாதவர்களின் சங்கடம் வேறு; அவர்களுக்கு வழிவிடாத விதி தர்மமாகாது.

2011 மகரஜோதியன்று, அதே வனத்தில் ஜீப்புகள் ஏறிவந்த புல்மேட்டில் நெரிசலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மடிந்ததை நினைத்தால், எத்தனை வண்டி எதுவரை வரலாம் என்று வரையறுப்பதும் பூஜையின் ஓர் அங்கமே என்று தோன்றுகிறது. சர்க்கார் ஏட்டில் மட்டும் இருக்கவேண்டிய கணக்கன்று அது.

நிலக்கல்லில் எங்களை இறக்கிவிட்ட டிரைவர், மாலை போட்டிருந்தும், வண்டியைத் தனியே விட்டு வர இயலாதென்று தங்கிவிட்டார். முதல் நாளே வாங்கிவைத்திருந்த தேங்காய் ஒன்றை மட்டும் குருசாமியிடம் கொடுத்து, "பதினெட்டாம்படி ஏறுமுன் என் பேரைச் சொல்லி உடைச்சிடுங்க, சாமி" என்று கேட்டுக்கொண்டு, பஸ்ஸின் நிழலில் துண்டை விரித்தார்.